பூஸ்ட் ஏற்றும் முன் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

கேள்வி: "சார், எனக்கு வயது 34. மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அப்பா 2005-ல் புதிதாக வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், எங்களிடம் இருக்கிறது. 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். 2023 ஆரம்பத்திலிருந்து வண்டி கீழே பார்க்கிங்கில் கவர் போட்டு நிற்கிறது. கடைசியாக ஓட்டியபோது 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் பொசுக்கென்று அடங்கிவிடும், நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகும். நானும் நண்பனும் சனி, ஞாயிறுகளில் வீட்டிலேயே வேலை செய்து இதை 250 குதிரைத்திறனுக்குக் கொண்டு வர ஆசைப்படுகிறோம். கையில் 3 லட்சம் இருக்கிறது. ப்ளோ ஆஃப் வால்வ், கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர், திறந்த ஏர் ஃபில்டர் மூன்றும் ஆன்லைனில் வாங்கியாயிற்று. பெரிய டர்போ எது போடலாம்? எதிலிருந்து ஆரம்பிப்பது?"

பதில்:

தம்பி, மடிப்பாக்கம் என்று படித்ததுமே டர்போ நினைவுக்கு வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வண்டி அதே பார்க்கிங்கில் நின்றிருக்கிறது. தண்ணீர் எதுவரை ஏறியது? டயரின் பாதி வரை என்றால் ஒரு கதை, சீட் வரை என்றால் வேறு கதை. கடிதத்தில் அதை எழுதவில்லை. தரை விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ புழுங்கிய வாடையோ இருந்தால் வயரிங் ஜாயின்ட்களில் பச்சை பூத்திருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இதைப் பார்த்து முடிக்கும் வரை சாவியைத் திருப்பாதீர்கள்.

அடுத்து பேனட்டைத் திறந்து எலி வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் நின்று போன வண்டிகளை என் பட்டறைக்கு இழுத்து வருவார்கள். அவற்றில் பெருச்சாளி கடிக்காத வயரிங்கை நான் பார்த்தது அபூர்வம். ஒரு வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நார், பிஸ்கட் கவர், ஒரு சின்னக் குழந்தையின் சாக்ஸ் எல்லாம் இருந்தன. அதோடு ஸ்டார்ட் செய்திருந்தால் அந்த சாக்ஸ் நேராக டர்போவுக்குள் போயிருக்கும்.

மூன்று வருடம் பழைய பெட்ரோலை முழுவதும் வெளியே எடுத்து, ஃபியூயல் ஃபில்டரை மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில துளி இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று, வண்டி சுற்றும் திசையில் மட்டும். தடையில்லாமல் சுற்றினால் புது ஆயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமலேயே, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். காய்ந்து கிடக்கும் டர்போவை எடுத்த எடுப்பில் முறுக்கினால், பெரிய டர்போ வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

சரி, ஆசைக்கு வருவோம். அது தப்பான ஆசை இல்லை. நம் ஊரில் டர்போ என்றால் டீசல் என்று இருந்த காலத்தில் வந்த பெட்ரோல் வண்டி இது. சிலிண்டருக்கு 5 வால்வ், மொத்தம் 20. இதே 1.8 டர்போவை ஐரோப்பாவில் 180 குதிரைத்திறனோடு ஆர்எஸ் என்று விற்றார்கள், நமக்கு வந்தது 150. அந்த 30-ஐ மீட்டெடுக்க வேண்டும் என்ற அரிப்பு இந்த வண்டி வைத்திருந்த எல்லோருக்குமே இருந்தது. எனக்கும் இருந்தது.

ஆனால் உங்கள் வண்டியில் இப்போது 150-ம் இல்லை. 3,000 தாண்டினால் அடங்குகிறது, நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஈசியூ என்ற இன்ஜின் கணினி, இன்ஜினைக் காப்பாற்ற, டர்போ அமுக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்டைக் குறைத்து லிம்ப் மோடுக்குப் போவது. தான் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒத்துப்போகவில்லை என்று அது சொல்கிறது. எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது எதுவோ சிக்கி நிற்கிறது. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மூன்று பொருளில் ஒன்றுகூட இதைச் சரிசெய்யாது. இரண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஏன் என்று புரிந்துகொள்ள இந்த இன்ஜின் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிய வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் ஒரு ஏர் மாஸ் சென்சர் இருக்கிறது. உள்ளே போகும் காற்று எத்தனை கிராம் என்று அது அளந்து சொல்லும். அதை நம்பித்தான் ஈசியூ பெட்ரோல் தெளிக்கும். கல்யாண மண்டப வாசலில் ஒரு ஆள் நின்று தலை எண்ணிச் சமையல்கட்டுக்குச் சொல்கிறார் என்று வையுங்கள். அதற்கேற்ப சாதம் வடிக்கிறார்கள். எண்ணப்பட்ட கூட்டத்தில் கொஞ்சம் பேர் பின்வாசல் வழியே நழுவிவிட்டால் சாதம் மிஞ்சும். எண்ணாத கூட்டம் பின்வாசல் வழியே உள்ளே வந்தால் சாதம் போதாது. டர்போ இன்ஜினில் வரும் தகராறில் பாதி இந்தப் பின்வாசல் தகராறுதான்.

இப்போது உங்கள் ப்ளோ ஆஃப் வால்வைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். டர்போ அமுக்கி வைத்த காற்று போக இடமின்றித் திரும்பி டர்போ சக்கரத்தையே மோதும். அதைத் தடுக்க கம்பெனியே ஒரு டைவர்ட்டர் வால்வ் வைத்திருக்கிறது. அது அந்தக் காற்றை ஏர் மாஸ் சென்சருக்கும் டர்போவுக்கும் நடுவில், அதாவது மண்டபத்துக்குள்ளேயே, திருப்பி விடுகிறது. நீங்கள் வாங்கியது அதே காற்றை "புஸ்ஸ்" என்று வெளியே துப்பும். சத்தம் நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிய காற்று வெளியே போய்விட்டது, பெட்ரோல் மட்டும் உள்ளே விழுந்துவிட்டது. கியர் மாற்றும்போது ஒரு குலுக்கல், சைலன்ஸரில் கறுப்புப் புகை, நாளடைவில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். எரிபொருளை வேறு வழியில் கணக்கிடும் வண்டிகளில் இது பொருந்தலாம். இதில் வேண்டாம்.

பூஸ்ட் கன்ட்ரோலர் இன்னும் ஆபத்து. பூஸ்ட் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் கதவான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாயில் நடுவே உட்கார்ந்து, "பூஸ்ட் குறைவாகத்தான் இருக்கிறது" என்று பொய் சொல்வதுதான் அதன் வேலை. 90-களின் ஆரம்பத்து வண்டிகளில் அந்தப் பொய் எடுபட்டது. இந்த ஈசியூ பூஸ்டைத் தனி சென்சரில் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பொய்யைக் கண்டுபிடித்ததும் வண்டியை அடக்கிவிடும். கண்டுபிடிக்காத அளவுக்கு நீங்கள் நைசாகத் திருகினீர்கள் என்றால், காற்று கூடியிருக்கும், பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங் பழையபடியே இருக்கும், பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி விழும்.

திறந்த ஏர் ஃபில்டர் இன்ஜின் சூட்டையே உறிஞ்சும். கம்பெனிப் பெட்டி வண்டியின் முன்பக்கத்திலிருந்து காற்று எடுக்கிறது. நம் ஊரில் இதில் ஏதாவது லாபம் கிடைக்கும் என்றால் டிசம்பர் விடியற்காலையில் மட்டும்தான். மூன்றையும் திருப்பி அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

ஆரம்பம் எது என்று கேட்டீர்கள். ஒழுகல் சோதனைதான் ஆரம்பம், அதை வீட்டிலேயே செய்யலாம். ஏர் மாஸ் சென்சரைக் கழற்றினால் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் வாய் தெரியும். அந்த விட்டத்தை அளந்துகொண்டு எந்த பிளம்பிங் கடைக்கும் போய் அதற்குப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் ஒன்று வாங்குங்கள். நடுவில் ஓட்டை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வ் ஒன்றைச் செருகுங்கள். பஞ்சர் கடையில் கொடுப்பார்கள். கேப்பைக் குழாய் வாயில் வைத்து கிளாம்ப் போட்டு நன்றாக இறுக்கி, டயர் பம்ப்பால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். 10 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் இன்ஜின் ஆயில் சீல்கள் பிதுங்கும். கேப் தெறித்து மூக்கை உடைத்த கதையும் உண்டு, நேர் எதிரே குனிந்து நிற்காதீர்கள். நண்பன் பம்ப் அடிக்கட்டும், நீங்கள் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே காதை வைத்துக் கேளுங்கள். என் பட்டறையில் ஒரு பையன் இதற்குச் சாம்பிராணிப் புகை போட்டுப் பார்த்தான். கோயில் வாசனை வந்தது, ஓட்டை தெரியவில்லை. சோப்புத் தண்ணீர்தான் உத்தமம்.

எங்கே ஒழுகும் என்றும் சொல்லிவிடுகிறேன். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இன்ஜின் மூச்சுவிடும் ரப்பர் குழாய்கள் கொத்தாக ஓடும். ஆயில் ஆவியும் சூடும் பட்டு 20 வருடத்தில் அவை பழைய இட்லித் துணி மாதிரி ஆகியிருக்கும், கை பட்டாலே பிய்யும். அவற்றை ஒட்டுப் போடாதீர்கள், மொத்தத் தொகுதியையும் மாற்றுங்கள். அடுத்தது, டர்போ அமுக்கிய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களின் ஜாயின்ட். அப்புறம் டைவர்ட்டர் வால்வின் உள் ரப்பர். அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டை விரலால் அமுக்கிக்கொண்டு, மேல் நிப்பிளை இன்னொரு விரலால் அடைத்துவிட்டுத் தட்டை விடுங்கள். அமுங்கியே நின்றால் நல்ல ரப்பர். மேலே வந்துவிட்டால் கிழிந்திருக்கிறது. இந்த ஒரு பொருளை மாற்றியே "டர்போ புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்" என்று போனவர்கள் உண்டு.

டர்போவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். குழாயைக் கழற்றிய நிலையில் விரலை விட்டு அச்சை ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடினால் பயமில்லை, ஆயில் இல்லாத நிலையில் அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தின் இதழ்கள் சுவரில் உரசிய தழும்பு இருந்தாலோ அது முடிந்தது. அப்போதும் கம்பெனி வைத்த அதே கே03 டர்போவைப் புதிதாகப் போடுவதுதான் என் யோசனை.

டைமிங் பெல்ட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பெல்ட் அறுந்தால் இந்த இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் மோதும். 20 வால்வ் என்பது அன்றைக்குப் பெருமையாக இருக்காது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பம்ப்பில் பிளாஸ்டிக் இறக்கை இருக்கும், அது நொறுங்கக்கூடியது. உலோக இறக்கை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இதை வீட்டில் செய்யாதீர்கள். சொந்த அனுபவம் ஒன்று: பல வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று, வழக்கமான இடத்தில் சரக்கு இல்லாததால், வேறு ஒரு கடையில் டென்ஷனர் வாங்கினேன். டப்பா அசல், உள்ளே இருந்தது போலி. ஆறாவது நாள் பெல்ட் பல் தாண்டியது. தலையைக் கழற்றி வால்வ் மாற்றிக் கொடுத்த செலவு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து டென்ஷனரைக் கையில் சுழற்றிப் பார்க்காமல் நான் பில் வாங்குவதில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அலைந்தாலும் சரி, புதுப்பேட்டையில் அலைந்தாலும் சரி, ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கதவுக் கைப்பிடி, லைட், சீட், பிளாஸ்டிக் இவற்றைப் பழையதில் எடுக்கலாம். சுற்றுவது, இறுக்குவது, நிறுத்துவது எதையும் பழையதில் எடுக்கக் கூடாது. இந்த வண்டிக்கும் நான்காம் தலைமுறை கோல்ஃப், முதல் ஆடி டிடி ஆகியவற்றுக்கும் அடித்தளம் ஒன்றே. அதனால் பாகம் கிடைக்காது என்று யாராவது கைவிரித்தால் நம்ப வேண்டாம்.

இக்னிஷன் காயில் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று போனால் மற்ற மூன்றும் வரிசையில்தான் நிற்கும். பிளக்கை 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காதீர்கள், அலுமினியத் தலை. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வண்டியில் கை வைக்கவே வேண்டாம். நண்பனோடு பங்கு போட்டாவது ஒன்று வாங்குங்கள். சக்கர போல்ட்டுக்கு 120. பல போல்ட்கள் சாதாரண ஆலன் கீ மாதிரி தெரியும், ஆனால் 12 முனை ஸ்ப்லைன். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று வேறு கருவியை விட்டால் தலை வழுக்கி, அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் ஓட வேண்டும்.

பார்க்கிங்கில் வேலை செய்யலாமா? அசோசியேஷன் செகரட்டரியைச் சமாளிப்பது உங்கள் பாடு. என் கவலை ஜாக்கி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் தலை போகக் கூடாது, அரை நிமிடம்கூட. பெட்ரோல் லைனைத் தொடும் நாளில் பக்கத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். மூடிய தரைத்தளம் என்றால் இன்ஜினை ஓட விட்டு வேலை செய்யாதீர்கள்.

இவ்வளவும் முடிந்து வண்டி 150 என்ற நிலைக்கு வந்த பிறகு, அளந்து பாருங்கள். இந்த ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து வண்டிகளுக்கு விசிடிஎஸ் என்ற மென்பொருளும் கேபிளும் உண்டு, லேப்டாப்பில் போடலாம். நீங்கள் செலவழிக்கப் போவதில் மிகச் சிறந்த செலவு இதுதான். அளவைத் தொகுதி 032-ல் பெட்ரோல் திருத்தம் தெரியும். அது கூட்டலில் அதிகம் இருந்தால் எண்ணாத ஆள் பின்வாசலில் வருகிறான். 115-ல் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 020-ல் ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காக, அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதைத் தடுக்க, டைமிங்கை எத்தனை டிகிரி பின்வாங்கியிருக்கிறது என்று தெரியும். 003-ல் காற்று, நொடிக்கு இத்தனை கிராம் என்று. மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் வரும் உச்ச எண்ணை 0.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட குதிரைத்திறன். 120 கிராம் வந்தால் 150 இருக்கிறது என்று அர்த்தம். 90 வந்தால் இன்னும் ஓட்டை தேடுங்கள், அல்லது சென்சரே சோர்ந்திருக்கும்.

இந்தச் சோதனையை ஈசிஆரில் செய்யாதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் 1990-லிருந்து இருக்கிறது. அங்கே நம் வண்டியை ஓட்ட அனுமதிக்கும் நாட்கள் வரும், அதற்குக் காத்திருங்கள்.

இனி அந்த 250. இதே குடும்பத்து 1.8 டர்போவில் ஆடி டிடிக்கு 225 குதிரைத்திறன் எடுத்தார்கள். எப்படி? கே04 என்ற பெரிய டர்போ, இரண்டு இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், தடித்த பிஸ்டன் பின் உள்ள கனெக்டிங் ராடு, 6 கியர், நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு. 225-க்கே தயாரித்தவர்கள் இத்தனை மாற்ற வேண்டியிருந்தது. நீங்கள் முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில், பழைய ராடு, பழைய கிளட்சோடு 250 கேட்கிறீர்கள். டர்போவை மட்டும் மாற்றினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் கீழ் ஆர்பிஎம்மில் வரும் பெரிய டார்க்கில் ராடு வளையும். ராடையும் மாற்றினால் முதல் இரண்டு கியரில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். 3 லட்சம் கனெக்டிங் ராடு வருவதற்குள்ளேயே தீர்ந்துவிடும். ஆகவே வேண்டாம் என்றே சொல்கிறேன். கம்பெனி டர்போவை வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்தவரிடம் ஈசியூவின் மேப்பை, அதாவது அதன் பெட்ரோல், டைமிங், பூஸ்ட் கணக்கை மாற்றினால் 180 முதல் 190 வரை நியாயமாக வரும். இந்த எடையுள்ள வண்டிக்கு அது நிஜமாகவே போதும், அதிலும் டார்க் கூடுவது ஓட்டும்போது நன்றாகத் தெரியும்.

அந்த மேப்புக்கு முன்னால் சென்னைக்காக ஒரு செலவு உண்டு, இன்டர்கூலர். உங்கள் வண்டியில் அது டிரைவர் பக்க முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பர் மூலையில், கையளவுக்கு ஒளிந்திருக்கும். ஐரோப்பாவின் 15 டிகிரிக் காற்றுக்கு அது போதும். மே மாதம் ஈக்காட்டுத்தாங்கல் சிக்னலில் 38 டிகிரிக் காற்றை 1 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினால், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும், அது 130 டிகிரிக்கு மேல் சூடேறித்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை இந்தச் சின்னப் பெட்டி இரண்டு முறை தாங்கும், மூன்றாவது முறை இதுவே அடுப்பாகிவிடும். சூடான காற்று நாக்கிங்கைக் கூப்பிடும், ஈசியூ டைமிங்கைப் பின்னால் இழுக்கும், காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும். முன் பம்பருக்குப் பின்னால் நடுவில் வைக்கும் பெரிய இன்டர்கூலர் நல்லது. ஆனால் மிகப் பெரியதாக வாங்கி ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் மறைத்துவிடாதீர்கள். சென்னையில் ஏசி வேலை செய்யாத 190 குதிரையை உங்கள் வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். தாழ்வாகவும் தொங்க விடாதீர்கள், நம் ஸ்பீடு பிரேக்கர்கள் எந்த அளவிலும் அடங்காதவை.

பெட்ரோலும் சென்னைக் கணக்குதான். உங்கள் வண்டி வந்த காலத்தில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் கிடையாது. எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு ஏறக்குறைய 13.5. சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சர் அதைச் சமாளித்துவிடும். ஆனால் பழைய ரப்பர் குழாய்களும் ஃபியூயல் பம்ப்பும் அந்த எத்தனாலோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தச் செய்யப்பட்டவை அல்ல. குழாய்களைப் புதிதாக, எத்தனால் தாங்கும் ரகத்தில் போடுங்கள். மேப் போடும் நாளில் எந்த பெட்ரோல் இருந்ததோ அதையே தொடர்ந்து போட வேண்டும். எக்ஸ்பி95 என்ற உயர் ஆக்டேன் பெட்ரோலை வைத்து மேப் செய்துவிட்டு அவசரத்துக்குச் சாதாரண பெட்ரோல் போட்டால், அன்று மட்டும் காலை அடக்கி ஓட்டுங்கள்.

பிரேக், டயர் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. யாரும் கேட்பதில்லை. டயர் பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-ஆம் வாரம். அப்படி ஏதாவது இருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் தூக்கிப் போடுங்கள், நின்றே இறுகிப்போன ரப்பர். பிரேக் ஹோஸ், டிஸ்க், பேட், டாட் 4 ஆயில் எல்லாம் புதிது. முன் விஷ்போன் புஷ்களும்தான். இந்தப் பத்திக்கான பணம் மேப்புக்கான பணத்துக்கு முன்னால் செலவாக வேண்டும்.

காகிதம். 2005 வண்டி என்றால் 15 வருடம் 2020-ல் முடிந்து, புதுப்பித்திருந்தால் அந்த 5 வருடமும் 2025-ல் முடிந்திருக்கும். ஆர்சியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் எந்த மாற்றமும் செய்யும் முன், வண்டி கம்பெனி நிலையில் இருக்கும்போதே ஆர்டிஓவில் காட்டிப் புதுப்பித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று இருக்கிறது. தேய்ந்த பாகத்தை அதே பாகத்தால் மாற்றுவதில் சிக்கல் இல்லை. மேப்பும் இன்டர்கூலரும் அப்படி இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மறைத்தால் விபத்து நாளில் கிளெய்ம் நிற்காது. சாலைக்கு 150-லேயே வைத்துக்கொண்டு, டிராக் போகும் நாளுக்கு மட்டும் வேறு மேப் என்று பிரித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். சைலன்ஸரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மடிப்பாக்கத்தின் சந்துகளில் உங்களுக்கு நண்பர்கள் மிஞ்ச மாட்டார்கள்.

எந்த வேலையை வெளியே கொடுப்பது என்று ஒரு வரியில்: பெல்ட், கிளட்ச், மேப், வீல் அலைன்மென்ட். மீதி எல்லாம் உங்கள் இருவராலும் ஆகும், நான்கைந்து மாதம் ஆகும் என்று வையுங்கள். அப்பாவையும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 18 வருடம் அந்த வண்டியை ஓட்டியவர். எந்தச் சத்தம் புதிது, எது முதல் நாளிலிருந்தே இருந்தது என்று விசிடிஎஸ்ஸை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒழுகல் சோதனை முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதும் 032, 020, 115 மூன்றின் பதிவையும் எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது கியர், 2,000-லிருந்து 6,000 ஆர்பிஎம் வரை, ஏசி ஆஃப். டேங்க்கில் எந்த பெட்ரோல் இருந்தது என்பதையும், அன்றைய வெயில் எத்தனை டிகிரி என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.